அத்தா பக்கத்தில் ஓர் இடம்

நோன்புப் பெருநாளுக்குக் கிண்டிய சேமியாவின் நெய் வாசம் வீட்டை விட்டுப் போவதற்குள், நூர் பீவி தன் மகளைக் கட்டிலருகே உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"தோ பாரு ருக்ஷானா. நான் பூட்டேன்னா ஒங்க அத்தா பக்கத்துல என்ன வெச்சிடச் சொல்லு. வேற எங்கனா மூலையில கொண்டும்போய் வெச்சிடப் போறானுங்க."

"இன்னாம்மா பேச்சு இது, பெருநாளும் அதுவுமா?"

"பெருநாளுக்குத்தானே எல்லாரும் ஒண்ணா வூட்ல இருக்கீங்க. வேற என்னைக்குச் சொல்றது?"

அம்மா கேட்டதில் தப்பில்லை. சிக்கல் என்னவென்றால், அத்தா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அத்தா பஷீர் அகமது மவுத்தாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கபர்ஸ்தானில் அவர் தலைமாட்டில் வைத்தது பேர் வெட்டாத சாதாரணக் கல். பக்கத்தில் நின்ற வேப்பமரம் ஒரு புயலில் வேரோடு சாய்ந்தது. அது புரட்டிப்போட்ட கற்களின் மேல் சீமைக்கருவேலம் மண்டியது. பிறகு முள்ளை வெட்டிச் சுத்தம் செய்தபோது எந்தக் கல் யாருடையது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. தம்பி ஆஷிக் ஒரு இடத்தைக் காட்டுவான். அத்தாவோடு ஒன்றாகக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் பத்தடி தள்ளி இன்னொரு இடத்தைக் காட்டுவார். இரண்டு பேருமே சத்தியம் செய்யத் தயார்.

ருக்ஷானா இதைச் சொன்னதும் நூர் பீவி சிரித்தார்.

"லட்ச லட்சம் வருஷத்து ஆளையே தேடிக்கினு திரிஞ்சவ. இருவது வருஷத்து ஆள ஒன்னால கண்டுபுடிக்க முடியாதா?"

"அதுக்காவத் தோண்டிப் பாக்கக் கூடாதும்மா."

"தோண்டச் சொல்றனா? தெரிஞ்சா சொல்லுன்றேன்."

கேலியாகச் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டு மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடியில் கேலி இல்லை.

கள்ளக்குறிச்சியில் எலும்பு பார்த்துச் சம்பளம் வாங்கியவர் ருக்ஷானா ஒருவராகத்தான் இருக்க வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற டாக்டரம்மா என்று நினைத்து முட்டிவலியோடு வந்தவர்கள் உண்டு. ஆதிமனிதனின் எலும்பு, அது கல்லாகிப்போனது, அதிலும் இடுப்பெலும்பு என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் வந்தவருக்கு இன்னொரு முட்டியும் வலிக்க ஆரம்பித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் கடுக்காய் என்றுதான் ருக்ஷானா சொல்வார். அத்தா கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் வாங்கி, தோல் பதனிடுகிற ஊர்களுக்கு அனுப்புகிறவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் லாரியில் முன்சீட்டில் பெண் உட்கார்ந்திருக்கும். வெள்ளிமலைச் சந்தை முடிந்ததும் கரியாலூர்ப் பக்கம் அம்மாசியின் களத்துக்குப் போவார்கள். அம்மாசி மலைக்காரர், அத்தாவுக்குக் காய் போடுகிறவர். களத்தில் கொட்டிய குவியலிலிருந்து சொத்தையைப் பொறுக்குவது பெண்ணின் வேலை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அள்ளிய கையிலேயே கனம் தெரிய வேண்டும். லேசாக இருப்பதை விரலே தள்ளிவிட வேண்டும். பின்னாளில் சல்லடையில் நின்ற சரளைக் கற்களுக்கு நடுவே எலும்புத் துண்டை அவர் விரல் அப்படித்தான் தனியே தள்ளியது. கூட வேலை செய்தவர்கள் அதைப் பெரிய வித்தை என்று நினைத்தார்கள். கடுக்காய் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

அம்மாசியின் களத்துக்கு மேலே, பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடியது போல் சில கல்லறைகள் இருந்தன. குள்ளர் வூடு என்பார் அம்மாசி. அந்தக் காலத்தில் குள்ள மனுஷங்க அதில் குடியிருந்தார்களாம். பெண் விடுமா? உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்துப் பார்த்தது. கால் வெளியே நீட்டிக்கொண்டது.

"இதுல யாரும் குடியிருந்திருக்க முடியாது. எனக்கே காலு வெளிய வருது!"

"நீ குள்ளி இல்லியே தாயி. அதான் வருது" என்றார் அம்மாசி.

இதற்கு என்ன பதில் சொல்வது? பெண் யோசித்து யோசித்துப் பார்த்து, கடைசியில் அத்தாவிடம் கேட்டது. அத்தா மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டே, "யாரோ இருந்தாங்க, பூட்டாங்க. யாருன்னு ஆருக்குத் தெரியும்?" என்றார். அந்த 'ஆருக்குத் தெரியும்' பெண்ணை விடவில்லை. சென்னைக்குப் படிக்கப் போய், அங்கிருந்து புனேக்குப் போய், டாக்டர் பட்டம் வாங்கி, வேலையிலும் சேர்ந்தாகிவிட்டது. "எலும்பு பொறுக்குற பொண்ணா?" என்று இரண்டு மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே திரும்பினார்கள். அத்தா அசரவில்லை. "படிக்கட்டும். எலும்பு யாரையும் கடிக்காது" என்றார். ருக்ஷானாவுக்கும் அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

வருத்தம் வேறு. முப்பது வருடத்துக்கு மேல் தேடியும் அவர் கையால் ஒரு ஆதிமனிதனும் கிடைக்கவில்லை. நர்மதைக் கரையில் குளிர்காலம் குளிர்காலமாகக் குனிந்து நடந்தார். யானைத் தந்தம் கிடைத்தது, காட்டெருமைக் கொம்பு கிடைத்தது, நீர்யானைப் பல்கூடக் கிடைத்தது. கென்யாவின் வடக்கே ஒரு ஏரிக்கரையில் வெளிநாட்டுக் குழுவோடு வருடக்கணக்கில் கூடாரம் போட்டார். காற்று மணலை வாரி சோற்றில் போடும். ஆட்டுப்பாலில் டீ போட்டுக் குடித்துவிட்டு, சல்லடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் கண்டெடுத்த இடுப்பெலும்புகளை அளந்து, ஒட்டி, எழுதி, அந்தத் துறையில் நாலு பேர் மதிக்கிற ஆளானார். ஆனால் தன் கண்ணால், தன் கையால் ஒன்று என்றால், இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் பேச முடியும். அம்மாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"இன்னாடி, கெடச்சாங்களா?"

"இல்லம்மா."

"போவட்டும் வுடு. இன்னா அவசரம்? அவங்க எங்க எழுந்து பூடப் போறாங்க?"

ஒரு வாரம் ருக்ஷானாவே முந்திக்கொண்டு சொன்னார், ஒரு துண்டு கிடைத்திருக்கிறது, மனிதனாக இருக்கலாம் என்று. அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் அது ஒரு பெரிய குரங்கு என்று தெரிந்தது. சொல்லும்போது மகளின் குரல் உடைந்தது. "குரங்கும் அல்லா படைச்சதுதான். அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? சாப்ட்டியா?" என்றார் அம்மா. கொடுத்த சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு கல்யாணத்தில் உறவுக்காரர் ஒருவர் நூர் பீவியை மடக்கினார். நாமெல்லாம் ஆதம் நபி மக்கள், உங்கள் பெண் யாரைத் தேடுகிறாள் என்று. "அவ தேடிக்கினுதான் இருக்கா. கெடச்சா யாருன்னு சொல்லுவா. அதுக்குள்ள நீங்க பிரியாணியப் பாருங்க" என்றாராம். வக்கீல் வைத்திருந்தால்கூட இப்படி வாதாடியிருக்க மாட்டார்.

இத்தனைக்கும் எலும்பு என்றால் அம்மாவுக்கு உதறல். ஒருமுறை ருக்ஷானா பிளாஸ்டர் மாவில் வார்த்த இடுப்பெலும்பு மாதிரி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை. "அது வெளிய போனாதான் நான் உள்ள வருவேன்." வெறும் மாவுதான், சுவருக்குப் பூசுவார்களே அந்த மாதிரி என்று கெஞ்சி, சுரண்டிக் காட்டிய பிறகே உள்ளே வந்தார். அடுத்த லீவுக்கு வந்தபோது அந்த ஆதிமனிதன் மொட்டைமாடியில் வடகத் துணியின் மேல் உட்கார்ந்து காக்கா விரட்டிக்கொண்டிருந்தான்.

வேலையில் ருக்ஷானாவுக்கு ஒரு பட்டப்பேர் இருந்தது, 'சொல்ல முடியாது மேடம்'. அது வந்த கதை கசப்பானது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஆற்றங்கரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடுப்பெலும்புத் துண்டு அகப்பட்டது. குழுத் தலைவர் அது ஆதிமனிதன்தான் என்று முடிவு கட்டி, பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். நிபுணர் என்ற முறையில் ருக்ஷானா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்தார். விளிம்பெல்லாம் தேய்ந்து, தெரிய வேண்டிய இடமெல்லாம் உடைந்திருந்தது. "சொல்ல முடியாது" என்றார். மனிதன் இல்லை என்று சொல்கிறீர்களா என்றால், அதையும் சொல்ல முடியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் உங்கள் பேரும் வருமே அம்மா என்று தனியாகக் கூப்பிட்டும் பேசிப் பார்த்தார்கள். அசையவில்லை. அடுத்த வருடக் குழுவில் அவர் இல்லை. அந்தத் துண்டு இன்றைக்கும் ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கிறது. யாருடையது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் சொன்னது சரியாகிவிட்டது பார் என்று சொல்லிக்கொள்ளும் சந்தோஷம்கூட ருக்ஷானாவுக்குக் கிடைக்கவில்லை.

அத்தா மவுத்தான செய்தி ஏரிக்கரைக் கூடாரத்துக்கு வந்து சேரும்போது இங்கே எல்லாம் முடிந்திருந்தது. வந்து சேர்ந்தால் அம்மா இத்தாவில் இருந்தார். புருஷன் போனபின் இத்தா இருக்கும் பெண் நாலு மாதத்துக்கு மேல் வெளியே வருவதில்லை. இந்த ஊர் வழக்கத்தில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதும் இல்லை. ஆக, பூமியெல்லாம் சுற்றி யார் யாருடைய எலும்பையோ பார்த்த பெண் தன் அத்தாவின் கபரை ஒருநாளும் பார்க்கவில்லை. "இருந்துட்டுப் போயேன்" என்று அம்மா அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார். வேலை பாதியில் நிற்கிறது, ரிடையர் ஆனதும் வந்து கூடவே இருக்கிறேன் என்று மகள் சொன்னார். அம்மா சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

சொன்னபடியே வந்தார். புனேயில் வீட்டைக் காலி செய்துகொண்டு நோன்பு மாதம் பிறக்கும்போது ஊருக்கு வந்தவர், அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்தார், கஞ்சி காய்ச்சினார், பழைய கதையெல்லாம் பேசினார். அம்மா கென்யாவின் காற்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார். பக்ரீத் வருவதற்குள், ஒரு விடிகாலை சுபுஹு நேரத்தில், கஞ்சி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நூர் பீவி போய்விட்டார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவானது. பெண்கள் சேர்ந்து மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். ருக்ஷானா தண்ணீர் ஊற்றினார். கஃபன் துணியைச் சுற்றி முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். ஆஷிக் கபர்ஸ்தானில் நின்றான். அவன் காட்டின இடத்தில்தான் குழி வெட்டினார்கள். "அம்மா எங்கிட்டயும் சொல்லிச்சி. அத்தா இங்கதான்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டான். இன்னொரு இடத்தைக் காட்டிய பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

மதியம் மூன்று மணிவாக்கில் ருக்ஷானாவின் போன் அடித்தது.

"அக்கா." ஆஷிக்குக்கு மூச்சு வாங்கியது. "குழி முக்கால்வாசி வெட்டியாச்சி. பக்கவாட்டுல மண்ணு சரிஞ்சிடுச்சி. பக்கத்து கபரு எலும்பு கொஞ்சம் தெரியிதுக்கா. இடுப்புப் பக்கம்."

"மண்ணப் போட்டு மூடுங்க."

"மூடத்தான் போறோம். பெரியவரு சொல்றாரு, இது பஷீரு இல்லவே இல்ல, குழிய மாத்துங்கன்றாரு. நான் அத்தாதான்றேன். ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்ட ஆயிடுச்சிக்கா. அம்மா அங்க கஃபன்ல படுத்துக்கினு இருக்குது, நாங்க இங்க அடிச்சிக்கினு இருக்கோம்." அவன் அழுதான். ஐம்பது வயதுக்காரன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "பள்ளிவாசல் முத்தவல்லிதான் சொன்னாரு, ஒங்க அக்கா அதுலதானே படிச்சவங்க, அவங்கள கேளு, அவங்க சொன்னா சரின்னு. ஒரே ஒரு போட்டோ அனுப்பிச்சிருக்கேன். பாத்துச் சொல்லுக்கா. அத்தாவா?"

ருக்ஷானா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்ப் படத்தைத் திறந்தார்.

செம்மண் சுவரிலிருந்து இடுப்பெலும்பின் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது. உடையாமல், தேயாமல், தெரிய வேண்டியதெல்லாம் தெரியும்படி. வாழ்நாள் முழுக்க அவர் கேட்டது இப்படி ஒரு எலும்பைத்தான். பார்க்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. எலும்பின் பின்பக்கம் ஒரு வளைவு இருக்கும். ஆணுக்குக் குறுகல், பெருவிரலை வைத்தால் இறுகி நிற்கும். பெண்ணுக்குப் பிள்ளை பெற வசதியாக அகன்றிருக்கும். இது அகன்ற வளைவு, சந்தேகமே இல்லாமல். மேல் விளிம்பு இன்னும் எலும்போடு முழுக்க ஒட்டவில்லை, கோடு தெரிந்தது. இருபது வயதைத் தாண்டினால்தான் அது ஒட்டும்.

பெண். சின்னப் பெண்.

'சொல்ல முடியாது' என்று தப்பித்துக்கொள்ள வழியே இல்லை. இவ்வளவு நிச்சயமாக அவர் எந்த எலும்பையும் பார்த்ததில்லை. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. பெரியவர் சொன்ன இடத்தில் வெட்டுவார்கள். அங்கே யார் இருப்பார் என்பது பெரியவருக்கும் தெரியாது. அத்தா அந்த மண்ணில் எங்கோ இருக்கிறார், இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கூடத்தில் அம்மாவின் முகம் திறந்திருந்தது. போனில் தம்பியின் மூச்சு கேட்டது.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"அத்தாவா?"

"அத்தாதான்" என்றார் ருக்ஷானா.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்டா. அத்தாதான். மண்ணப் போட்டு நல்லா மூடிட்டு, அம்மாவ அங்கியே வெச்சிடுங்க."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடக்கம் முடிந்து மண் ஒட்டிய கையோடு வந்த ஆஷிக், கூடத்தில் இருந்த எல்லாரிடமும் சொன்னான். "ஒரு போட்டோங்க! ஒரே ஒரு போட்டோவ பாத்து, எங்க அத்தாதான்னு சொல்லிட்டாங்க எங்க அக்கா. படிப்புன்னா அது!" பெரியவரே வந்து, "வயசாச்சும்மா, எனக்குத்தான் தடுமாறிடுச்சி" என்று வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார். அது பஷீர் இல்லை என்று தடுமாறாமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குள் செய்தி கடைவீதியெல்லாம் பரவிவிட்டது. முப்பது வருடம் அவர் எழுதியதையெல்லாம் ஒருவரும் படித்ததில்லை. முட்டிவலிக்காரர்கள்கூட இப்போது எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். வாழ்க்கையில் செய்த ஒரே தப்பான தீர்ப்புக்கு ஊரே மரியாதை செய்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் எல்லாருக்கும் பதில் சலாம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆஷிக் கபர் ஜியாரத்துக்குக் கிளம்பினான். "அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சலாம் சொல்லிட்டு வந்துடறேன்க்கா" என்று செருப்பை மாட்டினான். முகம் தெளிந்திருந்தது. ருக்ஷானா தலையசைத்து அனுப்பிவிட்டு அம்மாவின் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

அத்தாவை நினைத்துப் பார்த்தார். லாரி முன்சீட்டில் தூங்கிப்போன பெண்ணின் தலை கண்ணாடியில் இடிக்காமல் ஒரு கையை வைத்துப் பிடித்துக்கொண்டே மலையிறங்கி வந்த மனிதர் எங்கோ தனியாக இருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது. அம்மாவிடமும்தான். ஆனால் அம்மாவை நினைக்கும்போதெல்லாம் அந்தச் செம்மண் சுவர்தான் முன்னால் வந்தது. யார் பெற்ற பெண்ணோ. என்ன நோயில் போனாளோ, எத்தனை பேர் அழுதார்களோ. இடுப்பெலும்பு அதையெல்லாம் சொல்லாது. பத்தொன்பது வயதிருக்கும். அந்த வயதில்தான் ருக்ஷானா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் லீவுக்கு வந்து போன விருந்தாளிதான். அம்மா காய்ச்சலில் கிடந்த இரவுகளில், அத்தா போன அன்று, ஆஷிக்கின் கல்யாணத்துக்கு ஒரு பெண் துணையில்லாமல் அம்மா நகைக்கடைக்குப் போன அன்று, பக்கத்தில் இல்லாத பெண்.

இப்போது ஒரு பெண் பக்கத்தில் இருக்கிறாள். எழுந்து போக மாட்டாள்.

ருக்ஷானா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். பேர் தெரியாத அந்தப் பெண்ணிடம், வாய்விட்டே, மெல்லச் சொன்னார்.

"எங்க அம்மாவப் பாத்துக்கம்மா."